‘வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொல்’: காசிமேட்டு வாசகிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, உடனடியாகச் செய்ய வேண்டியவற்றைத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். இதே நிலையில் கலங்கி நிற்கும் வேறு குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால், உங்கள் சம்மதத்தோடு, பெயரையும் தெருவையும் தவிர்த்துவிட்டு, விரிவான பதிலை இங்கே எழுதுகிறேன்.

மற்ற வாசகர்களுக்காகக் கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன். எழுதியவர் காசிமேட்டில் தாயாரோடு மீன் வியாபாரம் செய்பவர். அவருடைய தம்பிக்கு 22 வயது; இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கிரிக்கெட் ஆட்டத்தில் தொடங்கிய வாய்த்தகராறு கைகலப்பாக முற்றியதில், எதிர்த்தரப்பு இளைஞர் ஒருவருக்குத் தலையில் அடிபட்டு, ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தையல் போட்டிருக்கிறார்கள். தம்பி விலக்கிவிடத்தான் போனதாகச் சொல்கிறார். அவருக்கும் தோளில் அடி, ஆனால் மருத்துவமனைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது: ‘சும்மா விசாரணைதான், வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொல்.’ கூட இருந்த நண்பர்கள் இருவர் பழவேற்காட்டுப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வக்கீலைக் கூட்டிக்கொண்டு போனால் தப்பு செய்ததை நாமே ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று தாயார் அஞ்சுகிறார். பகுதியில் செல்வாக்குள்ள ஒருவரோ, ‘கோர்ட்டில் ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும்’ என்கிறார். தம்பி போகலாமா, வக்கீல் வந்தால் நிலைமை மோசமாகுமா, ஒருவேளை அவன் அடித்தது உண்மையாகவே இருந்தால் அவனுக்காக நிற்க ஒரு வக்கீலுக்கு மனம் வருமா என்று மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பி போக வேண்டும். ஆனால் தனியாகப் போகக் கூடாது. போவதற்கு முன்பே ஒரு குற்றவியல் வழக்கறிஞரிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்க வேண்டும். குற்றவியல் வழக்கறிஞரின் வேலை கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நீதிமன்றத்தில் வாதாடுவதில்தான் தொடங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஜார்ஜ் டவுன், எழும்பூர், திருவொற்றியூர் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றங்களில் நெடுங்காலம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: இத்தகைய அடிதடி வழக்குகளின் போக்கை முதல் சில நாட்களில் எழுதப்படும் காகிதங்களே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன. ஓராண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் நாங்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் அந்தக் காகிதங்களுக்குள்ளிருந்து பிறப்பவைதான். ஆகவே எழுதப்படும் நேரத்திலேயே அவை உண்மையாக எழுதப்படுகின்றனவா என்று பார்த்துக்கொள்வதே எங்கள் வேலையின் முதற்பகுதி; என் கணிப்பில் அதுவே பெரும்பகுதியும் ஆகும்.

தொலைபேசி அழைப்பிலிருந்து தொடங்குவோம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்தப் பதிலில் நடைமுறைச் சட்டம் என்று நான் சொல்வதெல்லாம் இதைத்தான். கைது செய்யத் தேவையில்லாத நிலையில் ஒருவரை விசாரணைக்கு அழைப்பதற்கு அதன் 35(3) பிரிவின்படி எழுத்து மூலமான அறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அறிவிப்பை வாங்கிக்கொண்டு, குறித்த நாளில் ஒருவர் ஆஜராகி வந்தால், காரணத்தைப் பதிவு செய்யாமல் அவரைக் கைது செய்ய முடியாது. ஆஜராகாமல் இருந்தால், அதையே காரணமாகக் காட்டிக் கைது செய்யலாம். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது என்பது தானாக நடந்துவிடக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியும் உங்கள் தம்பிக்குத் துணையாக இருக்கிறது.

அதற்காக, ‘நோட்டீஸ் கொடுத்தால்தான் வருவேன்’ என்று தொலைபேசியிலேயே சட்டம் பேச வேண்டாம். அது அந்தக் காவலரின் கோபத்தைக் கிளறும், வேறு பயன் எதுவும் தராது. வழக்கறிஞர் வழியாக, ‘விசாரணைக்கு ஒத்துழைக்கத் தயாராக இருக்கிறேன், எழுத்து மூலம் தெரிவித்தால் குறித்த நேரத்தில் ஆஜராகிறேன்’ என்று ஒரு கடிதம் எழுதி, நிலைய ஆய்வாளருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். நாளைக்கு யாராவது ‘தேடினோம், தலைமறைவாக இருந்தான்’ என்று எழுதினால், அந்த ஒரு கடிதம் அதற்குப் பதில் சொல்லும். பழவேற்காட்டுக்குப் போய்விட்ட நண்பர்கள் தங்களுக்கு எதிராகத் தாங்களே ஒரு சாட்சியத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களையும் திரும்பி வரச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் உறுதியாகச் சொல்ல வேண்டும். பையன் கிடைக்கவில்லை என்பதற்காக உங்களையோ உங்கள் தாயாரையோ காவல் நிலையத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கச் சட்டத்தில் இடமில்லை. பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால்கூட அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவு சொல்கிறது. நம் பகுதியில் அம்மாவையோ அக்காவையோ அழைத்து வைத்துப் பிள்ளையை வரவழைக்கும் பழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படி யாராவது வந்து அழைத்தால், ‘வீட்டிலேயே பதில் சொல்கிறேன்’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உடனே வழக்கறிஞரை அழையுங்கள்.

வக்கீலோடு போவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும் என்ற உங்கள் தாயாரின் அச்சத்தை நான் அலட்சியமாக எண்ணவில்லை. காவல் நிலையத்துக்குள் நுழைந்தவுடன், ‘தப்பு செய்யவில்லை என்றால் வக்கீல் எதற்கு?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர் சீருடையில் இருக்கும்போது ஏழைக் குடும்பம் கூசிப்போகிறது. ஆனால் கைதானவருக்குத் தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் கூறு அடிப்படை உரிமையாகவே வைத்திருக்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றஞ்சாட்டப்பட்ட யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 20(3)ஆம் கூறு. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை நேரம் முழுவதும் அவர் உடனிருக்க முடியாது என்பதே நடைமுறைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு வகுத்த எல்லை. எனவே வழக்கறிஞர் அங்கே வந்து உங்கள் தம்பிக்குப் பதிலாகப் பேசப்போவதில்லை. வந்திருப்பது என்ன புகார், அதற்கு சி.எஸ்.ஆர். எனும் ரசீது மட்டும் போட்டிருக்கிறார்களா அல்லது எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) பதிவாகிவிட்டதா, எந்தெந்தப் பிரிவுகள், தம்பியைச் சாட்சியாக அழைத்தார்களா அல்லது குற்றஞ்சாட்டப்பட்டவராகவா என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் குறித்துக்கொள்வார். பையனுக்குப் பின்னால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்பது தெரிந்தாலே நிலையத்தில் பேச்சின் தொனி மாறிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கான ரசீது மட்டுமே. அதை வைத்து யாரையும் ரிமாண்ட் செய்ய (நடுவர் உத்தரவால் காவலில் வைக்க) முடியாது. எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகுதான் அது குற்ற வழக்கு. பாலியல் குற்றங்கள் போன்ற மறைத்துவைக்க வேண்டிய வழக்குகள் தவிர மற்றவற்றின் எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டிருக்கிறது. எனவே ‘கேஸ் போடவில்லை’ என்ற வாய்ச்சொல்லை நம்பி இருந்துவிடாமல் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் பாருங்கள்.

இனி, நான் முதலில் தேடப்போகும் காகிதத்தைப் பற்றி. அது எஃப்.ஐ.ஆர். அல்ல; ஸ்டான்லியில் எழுதப்பட்ட ஏ.ஆர். காப்பி. அடிபட்டு வருபவரைப் பார்த்தவுடன் அவசரப் பிரிவு மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் வந்த நேரம், கூட்டி வந்தவர், காயத்தின் அளவு, ‘எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எதனால் தாக்கினார்கள்’ என்று நோயாளியோ உடன் வந்தவரோ சொன்னது எல்லாவற்றையும் எழுதுகிறார். ஊர்ப் பேச்சும் யோசனையும் கலப்பதற்கு முன்னால் எழுதப்படுவதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ‘அடையாளம் தெரியாத மூன்று பேர் கையால் தாக்கினார்கள்’ என்று ஏ.ஆரில் இருந்து, மறுநாள் எஃப்.ஐ.ஆரில் அதுவே ஐந்து பெயர்களும் இரும்புக் கம்பியுமாக வளர்ந்திருந்தால், வழக்கின் உயிர்நாடி அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. சம்பவம் நடந்த நேரம், புகார் கொடுத்த நேரம், எஃப்.ஐ.ஆர். நடுவரின் கைக்குப் போய்ச் சேர்ந்து அவர் கையெழுத்திட்ட நேரம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். எஃப்.ஐ.ஆரை உடனே நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். காரணம் சொல்ல முடியாத தாமதம் இருந்தால், அந்த இடைவெளியில் யார் யார் பெயர் சேர்ந்தது என்று கேட்பது எங்கள் கடமை.

அதே காரணத்தால், உங்கள் தம்பி தோளில் பட்ட அடியைக் காட்டாமல் விட்டது எனக்கு வருத்தம் தருகிறது. இப்போதாவது அரசு மருத்துவமனைக்குப் போய், எப்படி அடிபட்டது என்பதை உள்ளது உள்ளபடி சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நாள் கடந்த காயத்தைப் புதியதுபோல் சொல்ல வேண்டாம். அடிபட்ட நாளையும், தாமதமாக வருவதற்கான காரணத்தையும் சேர்த்தே சொல்லட்டும். இரு தரப்பிலும் காயம் இருந்து, இரு தரப்பும் புகார் கொடுத்தால் அதைக் கவுண்டர் கேஸ் என்போம். அப்போது இரண்டையும் சேர்த்து விசாரித்து, முதலில் வன்முறையில் இறங்கியவர் யார் என்று கண்டறிய வேண்டிய பொறுப்பு விசாரணை அதிகாரிக்கு வந்துவிடுகிறது. தமிழ்நாடு காவல் நிலையாணை (பழைய எண் 588-ஏ) அதைத்தான் சொல்கிறது. அதற்காகப் பொய்யாக ஒரு எதிர்ப்புகார் எழுதிக் கொடுத்தால் அதற்கு நான் உடன்பட மாட்டேன். நல்ல வழக்கறிஞர் எவரும் உடன்பட மாட்டார்.

கையெழுத்துக்கு வருகிறேன். விசாரணையில் ஒருவர் சொல்வதைக் காவல் அதிகாரி எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தை வாங்கக் கூடாது என்பது நடைமுறைச் சட்டத்தின் 181ஆம் பிரிவு. சட்டம் வேண்டுகிற கையெழுத்துகளும் உண்டு: வாங்கிக்கொண்ட அறிவிப்பின் நகல், கைதுக் குறிப்பாணை போன்றவை. அவற்றையும் படித்துப் பார்த்து, நாளையும் நேரத்தையும் தன் கையால் எழுதிய பிறகே தம்பி கையெழுத்திட வேண்டும். வெற்றுத் தாளில் ஒருபோதும் கூடாது. ‘இனிமேல் இப்படி நடந்துகொள்ள மாட்டேன்’ என்று எழுதித் தரச் சொன்னால், இதுவரை அப்படி நடந்துகொண்டேன் என்பதும் அதற்குள் இருக்கிறது என்பதை அவர் உணர வேண்டும். அதை வழக்கறிஞரிடம் காட்டாமல் கொடுக்க வேண்டாம்.

காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று பலருக்குத் தெரிந்திருக்கிறது. பாதி தெரிந்திருப்பதில்தான் ஆபத்து. அந்த வாக்குமூலத்தின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் சாட்சியமாகிவிடும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவுக்குள் இருக்கிறது. ‘கம்பியை எடுத்துக் கொடுத்தான்’ என்று மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் கைப்பற்றல் குறிப்பு) எழுதப்படுவது அதற்காகத்தான். புதிய நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒளி ஒலிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. எனவே பொருள் எங்கிருந்து, யார் கையால், எப்போது எடுக்கப்பட்டது என்பதை அந்தப் பதிவைக் கேட்டுப் பெற்றுச் சரிபார்ப்பது இன்றைக்கு எங்கள் வேலையில் பெரிய பங்காகிவிட்டது. காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமராக்கள் இருக்க வேண்டும் என்றும் அவற்றின் பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது பாதுகாக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. தேவைப்பட்டால் அதையும் முன்கூட்டியே மனுப்போட்டுக் கேட்க வேண்டும், நாள் கடந்தபின் கேட்டால் அழிந்துவிட்டது என்ற பதில்தான் வரும்.

ஒருவேளை கைது செய்தால் என்ன செய்வது என்பதையும் வீட்டார் தெரிந்து வைத்திருங்கள். கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும்படி தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத கைது அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2025இல் விஹான் குமார் வழக்கில் மீண்டும் வலியுறுத்தியது. உறவினருக்குத் தகவல் தர வேண்டும், கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தாரோ பகுதியில் மதிக்கத்தக்க ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். நடுவரின் வீட்டில் இரவில் ரிமாண்ட் நடந்தாலும் வழக்கறிஞர் அங்கே போகலாம், போக வேண்டும்.

ரிமாண்டைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ‘போலீசார் அடித்தார்களா, துன்புறுத்தினார்களா?’ என்று நடுவர் கேட்பார். பின்னால் காவலர் நிற்கிறாரே என்று பயந்து, அடிபட்ட பையன்கள் ‘இல்லை’ என்று தலையாட்டிவிடுகிறார்கள். அந்த ‘இல்லை’ பதிவாகிவிட்டால், அடுத்த வாரம் புழல் சிறையில் எங்களிடம் முதுகைக் காட்டுவதை நிரூபிப்பது மிகக் கடினம். சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் 2020இல் காவலில் தாக்கப்பட்டு இறந்த பிறகு, நடுவர் ஒரு கைதியைக் கண்ணால் பார்த்துக் கேட்கும் அந்தச் சில நிமிடங்களின் எடை என்ன என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடித்திருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும், எங்கே அடித்தார்கள் என்று காட்ட வேண்டும். அடிக்கவில்லை என்றால் அடித்ததாகச் சொல்லக் கூடாது.

ஜாமீன் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நம் பகுதி அடிதடி எஃப்.ஐ.ஆர்.களில் முன்பு 294(பி), 323, 506(2) என்று வந்துகொண்டிருந்த பிரிவுகள் இப்போது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 351(3) என்று வருகின்றன. கையால் சாதாரணக் காயம் ஏற்படுத்துவதற்கு ஓராண்டு வரை தண்டனை. ஆயுதத்தால் என்றால் 118(1), மூன்றாண்டு வரை. எலும்பு முறிவு போன்ற கொடுங்காயம் என்று மருத்துவர் சான்று கொடுத்தால் அதற்கும் மேல். கொலை முயற்சி என்று 109ஆம் பிரிவைப் போட்டுவிட்டால் கதையே வேறு. உங்கள் தம்பியின் வழக்கில் என்ன பிரிவு என்று தெரிந்த பிறகே, அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன் கேட்பதா, தேவையே இல்லையா என்று முடிவு செய்ய முடியும். ஜாமீன் உத்தரவில், ‘தினமும் காலை 10.30 மணிக்கு நிலையத்தில் கையெழுத்திட வேண்டும்’ என்ற நிபந்தனை வருவது வழக்கம். கடலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு வாதாடும்போது, விசைப்படகில் போனால் பல நாள் கழித்தே கரை திரும்புவார் என்பதை மனுவிலேயே எழுதி நிபந்தனையை மாற்றிக் கேட்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, கையெழுத்துத் தவறியதால் ஜாமீன் ரத்தாகிச் சிறைக்குத் திரும்பியவர்கள் உண்டு. வழக்கு நடக்கும் காலத்தில் காயம்பட்ட இளைஞரின் வீட்டுக்கு நீங்களோ உறவினரோ சமாதானம் பேசப் போகவும் வேண்டாம். நல்ல மனத்தோடு போனாலும் சாட்சியை மிரட்டியதாக அது மாறிவிடலாம். தலையில் தையலோடு இருக்கும் அந்தப் பிள்ளைக்கும் நீதி கேட்கும் உரிமை இருக்கிறது. பேச வேண்டியது இருந்தால் இரு தரப்பு வழக்கறிஞர்கள் வழியாகப் பேசலாம்.

இப்போது, ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டச் சொன்ன அந்தப் பெரியவரின் யோசனை. இதைப் படித்தபோதுதான் எனக்கு மிகவும் கவலையாக இருந்தது. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது என்றால், அந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் என்று பெயர் வாங்குவது என்றே பொருள். தொகை சில நூறு ரூபாய்தானே என்று நினைக்கிறார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது தண்டனைத் தீர்ப்பு. கடவுச்சீட்டு விசாரணையிலும், துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் கேட்கும் நன்னடத்தைச் சான்றிலும் அது தலைகாட்டும். காசிமேடு, புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று முகவரி சொன்னாலே ஒரு மாதிரியாகப் பார்க்கும் ஊரில், இப்படிக் கட்டிய இரண்டு மூன்று அபராதங்கள் ஒரு பையனின் பெயரில் சரித்திரப் பதிவேடு (காவல்துறை கண்காணிப்புக்காக வைக்கும் ஹிஸ்டரி ஷீட்) திறப்பதற்கான அடித்தளமாக ஆகிவிடுகின்றன. பிறகு எங்கே சண்டை நடந்தாலும் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். ஒரே நாளில் முடிந்துவிடும் என்று சொல்லப்பட்ட வழக்கு அவனுடைய முப்பது வயது வரை பின்னாலேயே வருகிறது. அதைத் தவிர்க்கக்கூடிய இடத்தில் நீங்கள் இப்போது இருக்கிறீர்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உண்மையிலேயே இரு தரப்பும் சமரசமாக விரும்பினால் அதற்குச் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. கையால் ஏற்படுத்திய சாதாரணக் காயம் போன்ற சில குற்றங்களை, காயம்பட்டவர் நீதிமன்றத்திலேயே சமரசம் செய்துகொள்ள நடைமுறைச் சட்டத்தின் 359ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படிச் சமரசமானால் அது விடுதலைக்குச் சமம். அந்தப் பட்டியலில் வராத பிரிவுகள் என்றால் 528ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கோரலாம். அபராதம் கட்டுவதும் சமரசம் செய்துகொள்வதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றின் முடிவில் தம்பி தண்டனை பெற்றவர். மற்றொன்றின் முடிவில் அப்படி இல்லை.

மூன்றாவது கேள்வியை நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். தயங்க வேண்டியதில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றவாளிதான் என்று தன் மனத்துக்குப் பட்டாலும் படாவிட்டாலும் வழக்கறிஞர் அவருக்காக நிற்க வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் விதிகளே சொல்கின்றன. இந்த விதிக்கு நான் வேண்டாவெறுப்பாகக் கட்டுப்பட்டு நிற்கவில்லை, மனமார ஏற்றிருக்கிறேன். ஒருவர் குற்றம் செய்தாரா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கும் இல்லை, காவல்துறைக்கும் இல்லை. அது நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது. நீதிமன்றம் அதைச் சரியாகச் செய்ய வேண்டுமானால், அரசு கொண்டுவரும் ஒவ்வொரு சாட்சியத்தையும் உரசிப் பார்க்க எதிர்ப்பக்கத்தில் ஒருவர் முழு மனத்தோடு நிற்க வேண்டும். யாரும் நிற்காவிட்டால், செய்தவனோடு சேர்த்துச் செய்யாதவனும் உள்ளே போவான்.

மேலும், அடித்தான் என்பதிலேயே எத்தனை அளவுகள் இருக்கின்றன என்று பாருங்கள். தம்பி ஓர் அடி அடித்திருக்கலாம். தலைக் காயம் வேறொருவரால் வந்திருக்கலாம். தன்னை அடித்தவரைத் தள்ளிவிட்டிருக்கலாம். தற்காப்புக்குச் சட்டம் எல்லையோடு இடம் தருகிறது. பொது நோக்கத்தோடு எல்லோரும் சேர்ந்து செய்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 3(5) பிரிவைச் சேர்த்துவிட்டால், ஓரமாக நின்றவரும் முழுக் குற்றத்துக்குப் பொறுப்பாகிறார். அந்தப் பொது நோக்கம் அவருக்கு இருந்ததா என்று பிரித்துக் காட்டுவது எங்கள் கையில் இருக்கிறது. அவர் அடித்தது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், செய்த அளவுக்குத்தான் பொறுப்பேற்க வேண்டும், அதற்கு மேல் ஒரு அங்குலமும் கூடாது என்று வாதாடுவது நேர்மையான வேலை.

இதற்கெல்லாம் தம்பி எங்களிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். வழக்கறிஞரிடம் தொழில் முறையில் சொன்னதை, சொன்னவரின் சம்மதம் இல்லாமல் அந்த வழக்கறிஞர் வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு உதவி கேட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அக்காவும் அம்மாவும் பக்கத்தில் இருந்தால் பையன்கள் உண்மையைப் பேசுவதில்லை. எனவே முதல் சந்திப்பில் நீங்கள் வெளியே காத்திருக்க வேண்டும். அவர் உள்ளே என்ன சொன்னார் என்று என்னையோ வேறு வழக்கறிஞரையோ பிறகு கேட்கவும் வேண்டாம்.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பதில் சில எச்சரிக்கைகள். காவல் நிலைய வாசலிலேயே, ‘ஐயா நமக்கு வேண்டியவர், பேசி முடித்துவிடலாம்’ என்று அணுகுபவரை விட்டு விலகுங்கள். வக்காலத்தில் கையெழுத்திடும் முன் கட்டணம் எதற்கு, எந்த நிலை வரைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாக்கல் செய்த ஒவ்வொரு மனுவின் நகலையும் வாங்கி வையுங்கள். கட்டணம் கொடுக்க முடியாத நிலை என்றால், உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும்.

கடைசியாகக் காவலர் தேர்வு. சீருடைப் பணிக்கான விதிகள் மிகக் கடுமையானவை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தால்கூட, குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர் என்றே தமிழ்நாட்டு விதி கருதுகிறது. அதனால்தான் இந்த வழக்கைத் தொடக்கத்திலேயே சரியாகக் கையாள வேண்டும் என்கிறேன். அதேசமயம் வழக்கு இருப்பதை விண்ணப்பத்தில் மறைப்பது தனிக் காரணமாகவே வேலையைப் பறித்துவிடும். மறைப்பதன் விளைவுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2016இல் அவ்தார் சிங் வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. எஃப்.ஐ.ஆரில் தம்பி பெயர் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்வோம். இருந்தால், குற்ற வழக்கு பற்றிய கேள்விக்கு எதிரே குற்ற எண், பிரிவுகள், நீதிமன்றம், வழக்கின் இப்போதைய நிலை ஆகிய நான்கையும் உள்ளபடி எழுதி, நகலை இணைக்க வேண்டும். அந்தப் பத்தியை நிரப்பிய பிறகு, அனுப்புவதற்கு முன் ஒருமுறை என்னிடம் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள்.